நாலாம் கொட்டிலின் பதினொரு வால்கள்

நல்லசிவம் எண்ணத் தொடங்கிவிட்டார் என்றால் குறுக்கே பேசக்கூடாது. கம்பளிக் குல்லாவைக் காதுக்குமேல் ஏற்றிவிட்டு, நாலாம் கொட்டிலின் கம்பிமேல் குனிந்து, பன்றிக்குட்டிகளின் பதினொரு வால்களையும் எண்ணுவார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. "எல்லாம் இருக்குதுங்க. ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று பக்கத்தில் யார் நின்றாலும் கேட்பார். யாருமில்லாவிட்டால் கம்பியைக் கேட்பார்.

காங்கேயத்துக்காரர். டில்லிக்கு வெளியே ஒரு பன்றிப் பண்ணையில் பன்னிரண்டு வருஷ வேலை; குடியிருப்பு மோதி பாக்கில். பயந்தாங்கொள்ளி என்றால் லேசுப்பட்ட பயந்தாங்கொள்ளி இல்லை. பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பழுப்பு உறை ஏதும் வந்தால் மனைவி அருக்காணிதான் பிரிக்கவேண்டும். பஸ் டிக்கெட்டை இறங்கும்வரை உள்ளங்கையிலேயே இறுக்கிக்கொண்டிருப்பார்; வியர்வையில் எழுத்தே அழிந்துபோய்விடும்.

இப்பேர்ப்பட்ட மனுஷர் மேலதிகாரியிடம் வாயைத் திறந்தார் என்பதுதான் அதிசயம். பிறந்த மூன்றாம் நாள் குட்டிகளின் வாலைக் கட்டரால் நறுக்குவது பண்ணை வழக்கம். வெறும் சிமெண்டுத் தரையில் நெருக்கியடித்து வளரும் குட்டிகள், பொழுது போகாமல் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும். புண் சீழ் பிடித்துச் சாகும். நறுக்குகிற வேலை நல்லசிவத்துடையது. நறுக்கிய நாளெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது. "வாயிக்கு ஒரு வேலை குடுத்தா அதுக ஏனுங்க வாலைக் கடிக்குது? வைக்கோலு போட்டுப் பார்க்கலாமுங்க" என்று டாக்டர் பட்டாபியிடம் ஒருநாள் சொல்லியேவிட்டார்.

கால்நடை டாக்டர் சிரித்தார். "அச்சா, நாலாம் நம்பர்ல வாலை விட்டுவை. ஒரு மாசம் டைம். ஒரு வால்ல ரத்தம் பார்த்தேன், அத்தனையும் கட். உனக்கு மெமோ. தெரிஞ்சுதா?"

அன்றோடு மனுஷருக்கு நிம்மதி போயிற்று. வைக்கோலைப் பரப்பினார், கிழிந்த சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார். தாயைப் பிரித்த பிறகும் குட்டிகள் நாளெல்லாம் வைக்கோலைக் கிளறின, சாக்கை இழுத்தன, வாலைத் தொடவில்லை. அருக்காணிதான் அழுதாள். "பன்னிக்கு வாலு இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்க? வேலை போச்சுன்னா இந்த ஊர்ல எங்கீங்க போயி நிக்கறது?" அவருக்கும் அதே பயம்தான்.

கெடு முடியும் நாள், ஜனவரிப் பனி. டாக்டர் வருகிறாரே என்று பெருக்குகிற ராம்தீன், பாவம், பொறுப்பாக முந்தின சாயங்காலமே கொட்டிலைக் கழுவிவிட்டிருந்தான். வைக்கோல் இல்லை, சாக்கு இல்லை. தரை பளபளவென்று இருந்தது.

நல்லசிவம் கம்பிமேல் குனிந்தார். எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். மூலையில் ஒடுங்கி நின்ற சின்னக் குட்டியின் வால் நுனியில் ரத்தம். மற்றவை மூக்கை நீட்டிக்கொண்டு அதை நெருங்கின. கழுத்து மப்ளரை உருவிக் கம்பியில் கட்டினார்; பத்தும் அதன்மேல் பாய்ந்தன. கடிபட்டதை வாரிக் கோட்டுக்குள் திணித்துப் பொத்தானைப் போடுவதற்குள் வாசலில் ஜீப் சத்தம்.

டாக்டர் எண்ணினார். "பத்து. பதினொண்ணாவது எங்கய்யா?"

கோட்டுக்குள் முனகல் கேட்டது. நல்லசிவம் பொத்தானைத் தானே கழற்றினார். "கடிச்சுப்போட்டுதுங்க. வைக்கோலை வெளிய அள்ளிப்போட்டாங்க, அதானுங்க. நேத்து வரைக்கும் ஒரு கீறல் இல்லீங்க."

"அப்பவே சொன்னேனா இல்லையா? பஸ், போதும்! இதிலேர்ந்தே ஆரம்பி. இந்தா, கட்டரைப் பிடி."

"ஒண்ணும் ஆகாது சாமி" என்றார் நல்லசிவம், குட்டியிடம். ஒரு கையால் அதை மார்போடு அணைத்திருந்தார். டாக்டர் நீட்டிய கட்டரை வாங்கவேண்டிய மற்றக் கை அந்தச் சின்ன வாலைச் சுற்றி இறுக மூடியிருந்தது.