முதலிலா, கடைசியிலா

பிரவுசர் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவரைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் ஒருமுறை சலித்ததோடு விடமாட்டார். தட்டச்சு வேலைக்கு வந்தவர், பிரவுசரில் பிழை தேடும் பிரிவுக்கு மாறினார். கணவர் ஓட்டும் பேருந்தில், ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, அச்சடித்த இணையத் தரநிலை ஆவணத்தைப் படித்துப் படித்தே நிரல் எழுதுகிறவர் ஆனார்.

பதினான்கு மாதமாக அவர் கையில் இருந்தது ஒரே ஒரு மாற்றம். ஓர் இணையப் பக்கத்தில் எழுத்து எவ்வளவு பெரியது, என்ன நிறம் என்றெல்லாம் சொல்லும் விதிகளின் பட்டியல்தான் ஸ்டைல்ஷீட். ஒரே விஷயத்துக்கு இரண்டு விதிகள் இருந்தால், பின்னால் நிற்கும் விதியின் பேச்சுதான் எடுபடும். பக்கம் திறந்திருக்கும்போதே அதில் புதிய விதி சேர்க்க ஒரு கட்டளை உண்டு. இடம் சொல்லாமல் சேர்த்தால் பட்டியலின் தலையில் வை என்கிறது எல்லாப் பிரவுசர்களுக்கும் பொதுவான தரநிலை. மற்ற பிரவுசர்கள் அப்படித்தான் வைத்தன. இவர்களுடையது மட்டும் ஆரம்பத்திலிருந்தே வாலில் வைத்துக்கொண்டிருந்தது.

மாற்ற வேண்டியது அந்த இடத்தைக் குறிக்கும் ஓர் எண். அதற்கா இத்தனை மாதம், அதற்குள் நான் இந்த வண்டியிலேயே பூமியைச் சுற்றி வந்திருப்பேன் என்று கணவர் கேலி செய்வார். ஆனால் முந்தைய ஆண்டு துணிந்து மாற்றியபோது ஒரு பயணச்சீட்டுப் பக்கம் குழம்பிப்போய், இரண்டே நாளில் எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இந்த முறையும் சொதப்பினால் இந்த வேலையை நிரந்தரமாக மூடிவிடுவதாகக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். பிரவுசரின் இந்தப் புதிய பதிப்பைத் தவறவிட்டாலும் அதே கதிதான். வியாழக்கிழமை நான்கு மணியோடு பதிப்பு மூடப்படும்.

ஆகவே முதலில் எண்ணினார். பத்து லட்சம் முறை பக்கங்கள் திறந்தால், மூன்று முறைதான் அந்தக் கட்டளை இடம் சொல்லாமல் வந்தது. பிறகு, எப்போது வேண்டுமானாலும் தூரத்திலிருந்தே அணைக்க ஒரு சுவிட்சு வைத்து, நூற்றில் ஒருவருக்கு மட்டும் மாற்றத்தைக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை.

வியாழன் காலையில் தலைவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, போட்டுவிடலாம் என்றார்.

“சார், விதி தப்பான இடத்துல நின்னா பிரவுசர் கத்தாது. கத்தாம கெட்டுப்போறது எந்த எண்ணிக்கையிலயும் வராது. கண்ணால பாத்தாத்தான் தெரியும்.”

“எத்தனை பக்கம் பாக்கணும்?”

“இடம் சொல்லாம விதி சேர்க்குற பக்கம், தேடினதுல நாப்பத்தொண்ணு கிடைச்சுது.”

தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே உருண்டு போனார்.

ஒரு திரையில் பழைய பிரவுசர், பக்கத்துத் திரையில் புதியது. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டிலும் திறந்து, இருக்கிற பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்த்தார். முப்பத்தெட்டு பக்கங்களில் எந்த வித்தியாசமும் இல்லை. முப்பத்தொன்பதாவது, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பக்கம். அதில் ‘எழுத்தைப் பெரிதாக்கு’ என்று ஒரு பொத்தான். பழையதில் அழுத்தினால் எழுத்து பெருத்தது. புதியதில் அசையவே இல்லை. மணி இரண்டரை.

பக்கத்தின் அடியில் இருந்த எண்ணுக்கு உடனே போன் போட்டார். பக்கத்தை எழுதியது கடைக்காரரேதான். எங்கோ இருந்த மாதிரியைப் பார்த்து ஒட்டினாராம். கண்ணாடி உடைந்து வருகிறவர்கள், புதுக் கண்ணாடி தயாரா என்று படிக்கத்தான் அந்தப் பொத்தான்.

“ஆனா அது உங்க பிரவுசர்ல மட்டும்தான்மா வேலை செய்யுது. மத்ததெல்லாம் மட்டம்.”

“மத்ததெல்லாம் சரிண்ணே. நாங்கதான் இத்தனை வருஷமா தப்பு.”

“நல்லா இருக்கே,” என்றார் கடைக்காரர். “சரி, நான் என்ன பண்ணணும்?”

புதிய விதியைப் பட்டியலின் கடைசியில் வை என்று கட்டளையிலேயே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கட்டளையின் அடைப்புக்குறிக்குள் ஒரு காற்புள்ளி, அதன் பின் பட்டியலின் நீளம். அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, கடைக்காரர் ஒற்றை விரலால் அடித்தார். சேமித்ததும் பொத்தான் எங்குமே வேலை செய்யவில்லை. காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி.

“கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அடிங்கண்ணே.”

“கண்ணாடிக் கடைக்காரனையே சொல்றியாம்மா?” என்றாலும், தேடி எடுத்து மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்த முறை சரியாக வந்தது.

சல்லடை புதிய பிரவுசரில் பொத்தானை அழுத்தினார். எழுத்து திரை முழுக்கப் பெருத்தது. பழையதிலும் பெருத்தது. அதற்குள் மறுமுனையில், கடைக்காரரின் மனைவி குரல், “ஏங்க, என் போன்லயும் பெருசாகுதுங்க.” அவர் போனில் இருந்தது வேறு பிரவுசர். கடைக்காரர் போனைக் கண்ணாடிப் பெட்டி மேல் அப்படியே வைத்துவிட்டு ஓட, கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு போனை எடுத்து அழுத்திப் பார்க்கும் சத்தமெல்லாம் கேட்டது. இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனை வைக்கவும் மனமில்லை. ஆனால் மணி மூன்று நாற்பது, பாக்கி இரண்டு பக்கங்கள்.

அந்த இரண்டையும் நின்றுகொண்டே பார்த்தார். வித்தியாசம் இல்லை. மூன்று ஐம்பத்தொன்றுக்கு மாற்றம் பதிப்புக்குள் போனது.

பத்து நாள் கழித்து, புதிய பதிப்பு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த அன்று, தலைவர் வந்து பின்னால் நின்றார்.

“புகார் ஏதாவது?”

“ஒண்ணும் வரல சார்.”

“கெட்டாலும் வராதுன்னு நீதானே சொன்ன. கண்ணால பாத்தியா?”

“காலையிலயே நாப்பத்தொண்ணையும் திறந்து பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு.”

தலைவர் குழுவின் வேலைப் பட்டியலைத் திறந்து, பதினான்கு மாதமாக நின்றிருந்த அந்த வரியைச் சல்லடையின் கையாலேயே அடித்து நீக்கச் சொன்னார்.