சாக்லேட் உறையில் ஒரு முகம்

எனக்கு சுகர். என் கணவருக்கும் சுகர். வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. அப்படியிருக்க, போன மாதம் ஒரே நாளில் ஆறு சாக்லேட் பாக்கெட் வாங்கி வந்தேன். எதற்கு?

புண்ணியத்துக்கு!

கொடைக்கானலில் ஏரிக்குப் போகிற வழியில் எனக்குப் பழக்கமான கடை ஒன்று உண்டு. மழையில் மேல்மலைக் கிராமம் ஒன்றில் மண் சரிந்து சில வீடுகளும் பூண்டுக் காடுகளும் போய்விட்டன. அந்த ஊருக்கு உதவ, 'நிவாரண சாக்லேட்' என்று தனி பாக்கெட்டே போட்டிருந்தார் கடைக்காரர். விற்கிற காசில் ஒரு பங்கு அந்த ஊருக்கு.

உறையில் ஒரு பெண்ணின் படம். தலை கலைந்து, சேற்றில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுகிறார். கீழே தங்க நிற எழுத்தில், 'நீங்கள் சுவைக்கும் ஒவ்வொரு துண்டும் இவர் கண்ணீரைத் துடைக்கும்.'

துடைத்துவிட்டால் போச்சு என்று ஆறு வாங்கினேன். அதோடு விட்டேனா? படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். சொந்தக்காரர்கள் குரூப், பழைய பள்ளித் தோழிகள் குரூப், வாசகிகள் குரூப்... எல்லாவற்றிலும் 'நீங்களும் வாங்குங்கள்' என்று போட்டேன். ஹார்ட்டாக வந்து விழுந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — எண்ணிப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து செல்வி வந்தாள். வில்பட்டியிலிருந்து வாரம் ஒருமுறை எங்களுக்கு கேரட், பீன்ஸ் கொண்டுவந்து தருகிறவள். அவள் பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று ஒரு பாக்கெட்டை நீட்டினேன். வாங்கக் கை நீட்டியவள், கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா... இது எங்க சின்னம்மா."

"அப்படியா? ஐயோ பாவம்..."

"பாவம்லாம் சொல்லாதீங்கக்கா. ஒன்றரை ஏக்கர்ல பூண்டு போடுறவங்க அவங்க. இந்த பாக்கெட்டு வந்ததுல இருந்து வாசப்படி தாண்டல. பூண்டெல்லாம் வீட்டுலயே கெடக்கு. வேணும்னா நீங்களே வந்து கேளுங்க."

மறுநாள் வெள்ளனே பஸ் பிடித்து அவளோடு போனேன்.

அந்த அம்மாவை இங்கே பஞ்சவர்ணம் என்று கூப்பிடுகிறேன். அது அவர் பெயர் இல்லை. வீடு விழுந்தபின் தம்பி வீட்டில் இருக்கிறார்கள், அவரும் அவர் கணவரும். அடுப்புக்கு மேலே பரண் முழுக்கப் புகை ஏறிய பூண்டு. சரிவுக்கு முன்பே அறுத்து இங்கே கொண்டுவந்து வைத்ததால் தப்பித்தது அது ஒன்றுதான்.

உறையில் பார்த்த முகத்தைத் தேடினேன். காணோம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நெற்றி நிறையப் பொட்டு, நேராகப் பார்க்கிற கண். எனக்குச் சர்க்கரை போடாத காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வடுகப்பட்டி சந்தையில பூண்டு என்ன விலை போகுதுன்னு விசாரிக்கப் போனேங்க. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல எறங்கி நிக்கிறேன். ஒரு டூரிஸ்ட்டு பொம்பளை என் மூஞ்சியவே பாக்குது. அது கையில இந்த சாக்லேட்டு. 'இது நீங்கதானேம்மா?'ன்னுச்சு. என்னான்னு நான் பாக்குறதுக்குள்ள அம்பது ரூபாய என் கையில திணிச்சிட்டு வண்டியில ஏறிருச்சு. பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பாக்குது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பின்னாலயே ஓடுனேன், திருப்பிக் குடுக்கலாம்னு. வண்டி கெளம்பிருச்சு. எங்க காட்டுல களையெடுக்க வர்றவங்களுக்கு நான் கூலி குடுக்குறவங்க. எனக்குப் பிச்சை போடலாமா?"

சந்தைக்குப் போகாமலே வீடு திரும்பியிருக்கிறார். பிறகு எங்கேயும் போகவில்லை. திருப்பூரில் இருக்கிற மருமகன் போன் செய்து, "அத்தை, நாங்க உங்களைக் கவனிக்கலைன்னு ஊர் பேசாதா?" என்று கேட்டாராம்.

அந்தப் படம் எப்போது எடுத்தது என்று கேட்டேன்.

"மண்ணு விழுந்த அன்னிக்குக் காலையில. யாரு எடுத்தாங்கன்னுகூடத் தெரியாது. எல்லாரும் நான் வீட்டுக்காக அழுதேன்னு நெனைக்கிறாங்க. வீடு போனா கட்டிக்கலாம்ங்க. எங்க வீட்டுக்காரர் உள்ள மாட்டிக்கிட்டாருன்னு நெனச்சு அழுதேன். அவரு மேல்காட்டுல மாட்டை அவுத்து விடப் போயிருக்காரு. மத்தியானம் அந்தப் பக்கமா நடந்து வந்தாரு. அப்ப நான் சிரிச்சேன் பாருங்க... அதை ஒருத்தரும் எடுக்கல."

வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவர் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தப் படத்தை யாரு யாருக்கோ அனுப்பிக்கிட்டே இருக்காங்களாம். அப்படி யாருதான் அனுப்புறாங்களோ!" என்றார் பஞ்சவர்ணம்.

செல்வி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"நானும் அனுப்பினேன்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "படிச்சவங்க நீங்க. இது யாரு, இவங்களைக் கேட்டுத்தான் போட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

கேட்டிருக்கலாம். கடையில் காலாவதித் தேதி எது என்று கேட்டேன். முந்திரி உண்டா, பாதாம் உண்டா என்று கேட்டேன். இதைக் கேட்கவில்லை.

அந்தப் படத்தை நீக்கச் சொல்ல, பஞ்சவர்ணம், செல்வி, நான் மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன். சரிவு நடந்த மறுநாளே சொந்த ஜீப்பில் அரிசி மூட்டை ஏற்றிப் போனவர் அவர். எங்களைக் கண்டதும் நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"மேடம், நல்ல காரியத்துக்குத்தானே செஞ்சேன்? பணம் கரெக்டா போயிட்டிருக்கு. ரசீது காட்டவா?"

நல்ல காரியம்! இந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டால் போதும், யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் திறக்கலாம் என்று எப்போது முடிவு செய்தோம்?

பஞ்சவர்ணம் பேசினார். "உங்க காசுல கம்பளி வந்துச்சு தம்பி. நல்ல கம்பளி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் மூஞ்சியப் போட யாரைக் கேட்டீங்க?"

"அம்மா, உங்க போட்டோவாலதான் விக்குதே. உங்க ஊருக்குத்தானே நல்லது?"

"அவ்வளவு நல்லதுன்னா உங்க அம்மா போட்டோவைப் போடுங்க தம்பி. நல்லா அழுக வச்சு எடுத்துப் போடுங்க."

கடையில் நின்ற டூரிஸ்ட்டுகள் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவில் பில் போட்டுக்கொண்டிருந்தது கடைக்காரரின் அம்மாதான். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பாக்கெட்டை எடுத்து, அந்தப் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எறக்குடா" என்றார் மகனிடம்.

"அம்மா, ஆயிரக்கணக்குல பிரிண்ட் பண்ணிட்டேன்மா... இருக்கிறது மட்டும் வித்துடட்டும்..."

"எறக்குன்னு சொன்னேன்."

இறக்கினார். எடை எழுதி ஒட்டுகிற வெள்ளை லேபிள் கட்டுக்கட்டாக இருந்தது. கடைக்காரரின் அம்மா, பஞ்சவர்ணம், செல்வி, நான் — நான்கு பேரும் குடோனில் பாய் விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தின் மேலும் லேபிள் ஒட்டினோம். "நீங்க எதுக்கும்மா? நாங்க பாத்துக்கிறோம்" என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லிப் பார்த்தார் அந்த அம்மாள். "என் மூஞ்சி. நானே மூடிக்கிறேன்" என்றார் பஞ்சவர்ணம்.

நடுவில் ஒரு பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "மாராப்பு வெலகிக் கெடந்திருக்கு. இப்பத்தான் பாக்குறேன்" என்றார் மெதுவாக. லேபிள்களை இன்னும் வேகமாக ஒட்டினோம்.

கிளம்பும்போது கடைக்காரரிடம் பஞ்சவர்ணமே சொன்னார்: "உதவி செய்யணும்னு நெனச்சா, கம்பளி வந்தது போதும் தம்பி. காட்டுல மண்ணு குமிஞ்சு கெடக்கு. அதை அள்ள ஒரு ஜேசிபி அனுப்புங்க. வெரசா அனுப்பினா அடுத்த நடவு நட்டுருவோம்."

கடைக்காரர் விழித்தார். "இதை யாரும் சொல்லவே இல்லையேம்மா?"

"யாரும் கேக்கலையே தம்பி."

அந்த வாரமே ஜேசிபி போனது. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

நான் என் பங்குக்கு எல்லா குரூப்பிலும் எழுதினேன். அந்தப் படத்தை அழித்துவிடுங்கள், அனுப்பியது என் தப்பு என்று. இந்த முறை ஹார்ட் இரண்டே இரண்டு. ஒரு தோழி மட்டும் அக்கறையாகக் கேட்டாள், "சாக்லேட் கொரியர்ல அனுப்புவாங்களாப்பா?"

நேற்று கடைக்காரர் போன் செய்தார்.

"பாதிகூடப் போக மாட்டேங்குது மேடம். அதே சாக்லேட், அதே விலை, காசும் அதே ஊருக்குத்தான். கையில எடுக்குறாங்க, திருப்பிப் பாக்குறாங்க, வச்சிட்டுப் போயிடுறாங்க."

யார்மேல் எரிச்சல்படுவது, சொல்லுங்கள்? அவர் விற்றது நாம் வாங்கியதைத்தான். ஒரு ஊர் மண்ணுக்குள் போயிற்று என்று எழுதினால் நமக்குப் போதவில்லை. யாராவது நம் கண்முன்னால் அழ வேண்டும். அழுகிறவர் நமக்குத் தெரியாதவராக இருக்க வேண்டும். கூடவே வாய்க்கு இனிப்பாக ஏதாவது கிடைக்க வேண்டும். அப்போதுதான் பர்ஸ் திறக்கிறது. கொடுக்க மனம் இருந்தால் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? நடுவில் சாக்லேட் எதற்கு?

இதை எழுதட்டுமா என்று பஞ்சவர்ணத்திடம் கேட்டேன். இந்த முறை கேட்டேன்! "எழுதுங்க. பேரு வேணாம். அழுததை மட்டும் எழுதிப்புடாதீங்க, அவரு நடந்து வந்ததையும் எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன்.

போன வாரம் மூட்டையோடு வடுகப்பட்டிக்குப் போய் வந்தாராம். வத்தலக்குண்டில் யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பூண்டுக்குத்தான் விலையே இல்லையாம்... அதற்கு யாரும் சாக்லேட் போட மாட்டார்கள்.