வாயு இல்லாமல் வந்த அலை

தங்கையின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க தியாகராய நகர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது.

எழுபதுகளின் நடுவில் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றிய வாயுதான் பிளாஸ்மா. காந்தப்புலத்துக்குள் அடைத்தாலும் அது அடங்காது, கொந்தளித்துக்கொண்டே இருக்கும். அதன் ஊடே லேசரை விட்டு, சிதறும் ஒளியைக் கொண்டு கொந்தளிப்பை அளக்கப் பார்த்தோம், நானும் பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டிலிருந்து வந்த சக ஆய்வாளர் ஒருவரும்.

புடவைக் கடைக்குப் போனதற்கு மூன்று மாதம் முன்பு, சிதறிய ஒளியைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் அலை தெரிந்தது. லேசரை மறைத்தால் அலையும் மறைந்தது. உடனே ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினோம். அதை நம்பித்தான் அவருக்கு வெளிநாட்டில் இடம் தருவதாக இருந்தார்கள்.

ஆனால் வாயுவே இல்லாமல் காந்தத்தையும் லேசரையும் மட்டும் இயக்கிப் பார்த்தோமா? இல்லை.

எழுந்துவிட்டேன்.

"எங்கேடி போறே? கூறைப்புடவையே இன்னும் எடுக்கலையே!" என்றாள் அம்மா.

"லேபுக்கு. நீங்களே பார்த்து எடுத்துடுங்கோ."

ஞாயிற்றுக்கிழமையானாலும் சக ஆய்வாளர் லேபில்தான் இருந்தார். வாயுவை மூடச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே மூடினார்.

காந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுத்தோம். மேஜை லேசாக உதறியது. திரையில் அதே அலை. ஆடியது பிளாஸ்மா இல்லை. லேசரைத் திருப்பிவிடும் எங்கள் கண்ணாடி.

"எங்க நைனா குப்பம் பூரா சொல்லிக்கினு கீறாரு, புள்ள ஃபாரின் போறான்னு" என்றார். சுருளுக்குப் போகும் மின்சாரத்தை அணைத்தார். "இன்னொரு தபா போடு."

மறுபடியும் அதுவே வந்தது.

மறுநாள் இருவருமாகப் பேராசிரியரிடம் சொன்னோம். கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். வெளிநாட்டு இடம் வேறு யாருக்கோ போயிற்று. கண்ணாடிகளை மேஜையிலிருந்து பிரித்துத் தனித் தூணில் பொருத்தும்வரை அவர் என்னோடு இருந்தார். பிறகு சாந்தோமில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவர் போன பிறகுதான் உண்மையான அலை வந்தது. பழையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாயுவை மூடினால் போயிற்று, திறந்தால் வந்தது. நம்ப முடியாமல் அன்று முழுக்க மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

திரையைப் படமெடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்மளுது" என்றார்.

வகுப்பு மணி அடித்தது. போய்விட்டார். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் மயிலாப்பூரில் இருந்த வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தேன்.