புதுப் பெடல் மீது ஒரு புகார்

வாங்கிய கருவியை, அதைப் பயன்படுத்தப்போகிறவரைக் கொண்டே இயக்கிப் பார்க்க வேண்டும். குறை தென்பட்டால் அது கருவியில் உள்ளதா, இயக்குபவரிடம் உள்ளதா என்று பிரித்து எழுத வேண்டும். அரசுக் கொள்முதல் பிரிவில் இந்த விதியைப் பிறருக்கு ஓதியே ஓய்வு பெற்றவன் நான். மீறியவர்களுக்குக் குறிப்பாணை அனுப்புவதில் எனக்குத் தனிச் சுகமும் இருந்தது.

என் மனைவியின் தம்பி மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். பகலில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலை, எளாவூரில் வாடகை அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டிரம்ஸ் மட்டும் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் குடியிருந்தது. கார் வாங்கும் யோகம் எனக்கு வாய்க்காததால் இடத்தகராறு எழவில்லை.

சில மாதங்களாகக் கச்சேரிகளில் அவனுடைய பேஸ் டிரம் இடையிடையே ஊமையானது. காலால் பெடலை மிதித்தால் சுத்தி போய் டிரம்மை அடிக்க வேண்டும். அடி விழாமல் பாட்டு நொண்டியது. பெடல் பழசு, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றான். ஆடித் திருவிழாக்களுக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். நான் புதுப் பெடல் வாங்கினேன்.

அதை மாட்டிப் பார்க்க ஒரு ஞாயிறு மதியம் வந்தான். வாசலிலேயே என் மனைவி மறித்தாள்.

"இன்னாடா, ஒரு கால்லதான் செருப்பு கீது?"

குனிந்து பார்த்தான். வலது கால் வெறுங்கால்.

"பஸ்ல வுட்டுட்டேன் போலகீதுக்கா."

"நல்லவேள, உன்னிய வுட்டுட்டு வரல. தார் ரோடு சுடலியாடா?"

"நம்ம கால் மேடையில காஞ்ச கால்க்கா."

மூவரும் சிரித்தோம்.

ஷெட்டில் பெடலைப் பொருத்தினான். முதல் அடி நெஞ்சில் வந்து விழுந்தது. "வெண்ண மாதிரி போவுது மாமா," என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு குத்துத் தாளத்தைத் தொடங்கினான். கைகள் பிசகவேயில்லை. கொஞ்ச நேரத்தில் பேஸ் மட்டும் நின்றுபோனது.

அவன் காலைப் பார்த்தேன். பாதம் பெடலை விட்டு வழுக்கி, பக்கத்தில் சிமெண்ட் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. ஓர் அடியும் தவறாமல், அத்தனை சுத்தமான தாளத்தில்.

கண்ணைத் திறந்தான். குனிந்து, இரண்டு கைகளாலும் காலைத் தூக்கிப் பெடல் மேல் வைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

"இதுவும் டுபாக்கூர் பீசு மாமா. ஒரு கம்ப்ளைண்ட் எழுதுங்க. உங்க இங்கிலீசுக்கு பயந்துடுவானுங்க."

எழுதினேன். ஸ்பிரிங்கின் இழுப்பு சீராக இல்லை என்று, முழுப் பொய்யை, உரிய படிவத்தில். பெடலையும் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அவன் பாதத்தில் ஊசி முனையை வைத்து, "தெரியுதா?" என்றார். பதில் இல்லை. ஊசியை எடுத்து மேசையில் வைத்தார். "தெரியுது சார், இப்ப நல்லா தெரியுது," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, போன உணர்ச்சி திரும்பாது, புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

அதன்பின் தினமும் போன் செய்தான். "பதில் வந்துச்சா மாமா?"

"இன்னும் வரலப்பா."

"வரட்டும். மெதுவா வரட்டும். பெடலு கம்பெனிக்குப் போயிருக்குன்னு சொல்லிகினு கீறேன்."

ஓர் அலுவலகம் கோப்பைக் கிடப்பில் போட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். ஆனால் அங்கே யாரோ என் விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார்கள். பெடல் திரும்பி வந்தது. கூடவே இரண்டு வரிப் பதில்: கருவியில் குறை ஏதும் இல்லை, இயக்கும் முறையைச் சரிபார்க்கவும்.

எளாவூர் அம்மன் கோயில் மேடைக்குக் குழுவின் வேன் அவன் அறை வாசலில் நிற்காமல் தாண்டிப் போன அன்றுதான் அது வந்தது. ஆடி முதல் வெள்ளி.