மயில் உள்ளானும் அப்பாவின் கையெழுத்தும்

முப்பத்துநான்கு வருடங்கள் அரசாங்க அலுவலகம் ஒன்றில் மற்றவர்களின் சத்தியக் கடதாசிகளைப் படித்து, இது செல்லும், இது செல்லாது என்று சொல்வதே என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஸ்பிரிங்வேலில் மீன்கடைக்காரர் இது நேற்றுப் பிடித்தது என்று சொன்னால், பிடித்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்க வாய் உன்னும். கண்ணால் கண்டவர்தான் சாட்சி. கண்டவரைத் தெரிந்தவர் சாட்சி ஆகமாட்டார். இந்தப் பாடத்தை நான் அலுவலகத்தில் படிக்கவில்லை. பதினொரு வயதில், பாலைவனத்தின் நடுவில் ஓர் ஏரிக்கரையில் படித்தேன். அரைகுறையாகப் படித்திருக்கிறேன் என்பது போன மாதம்தான் தெரிந்தது.

அப்போது மெல்பேர்னில் இருந்த தமிழ்க் குடும்பங்களைக் கைவிரல்களால் எண்ணி முடித்துவிடலாம். அம்மா ஆஸ்பத்திரியில் டொக்டர். அவருக்குக் கிடைத்த வேலையால்தான் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தோம். யாழ்ப்பாணத்தில் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அப்பா, இங்கே டண்டினொங் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கினார். அம்மா வேலைக்குப் போகும் நேரமெல்லாம் குசினியும் நானும் அப்பாவின் பொறுப்பு. இதை ஒரு குறையாக அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் அங்கிள் என்று கூப்பிட்டவர் அப்பாவுடன் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர். இங்கே வீதி போடும் திணைக்களத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தார். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில் விசாவுக்குக் காத்திருந்ததால் அவருடைய சனி ஞாயிறுகளுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அவற்றைப் பறவைகளுக்குக் கொடுத்தார். பறவை பார்ப்பவர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்தார். அந்தச் சங்கத்தில் எங்கள் நிறத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

சங்கத்துக்கு ஒரு நடைமுறை இருந்தது. சாதாரணப் பறவையைக் கண்டால் வாயால் சொன்னால் போதும். அரிய பறவை என்றால் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அதை ஒரு குழு கூடி ஆராயும். நாங்கள் ஏரிக்குப் போனதற்கு முந்திய வருடம் அங்கிள் ஒரு மயில் உள்ளானைக் கண்டார். ஊரில் வயல் ஓரங்களில் திரியும் மயில் உள்ளானுக்கு இந்த நாட்டில் ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு. அங்கிள் கண்டது அதைத்தான். வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. அங்கிள் ஒழுங்காகப் படிவம் நிரப்பி, வரைபடம் வரைபவர் அல்லவா, படமும் கீறி அனுப்பினார். மிக மரியாதையான பதில் வந்தது. தனியாகக் கண்டிருக்கிறீர்கள், தூரத்தில் கண்டிருக்கிறீர்கள், இந்த நாட்டுப் பறவைகளுக்குப் புதியவர்களுக்கு இப்படியான மயக்கம் வருவது இயல்பு, அடுத்த தடவை இன்னொருவருடன் சேர்ந்து காண முயற்சிக்கவும். பிற்காலத்தில் நானே அப்படிப்பட்ட கடிதங்கள் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். மரியாதை கூடக் கூட, உங்களை நம்பவில்லை என்று அர்த்தம்.

அந்தக் கடிதத்தை அங்கிள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எங்கள் வீட்டில் சாப்பிடும்போதுகூட எடுத்து ஒரு தடவை வாசிப்பார். அடுத்த வருடம் நல்ல மழை பெய்து, மாநிலத்தின் வடமேற்கு மூலையில் காய்ந்து வெடித்துக் கிடந்த ஓர் ஏரியில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் நேரே அப்பாவிடம் வந்தார்.

“மச்சான், எனக்கு ஒரு ஆள் வேணும். பறவையைப் பற்றி ஒண்டும் தெரிஞ்சிருக்கத் தேவையில்லை. கண் தெரிஞ்சால் போதும்.”

“கண்ணாடி போட்டால் தெரியும்” என்றார் அப்பா.

அந்த வார இறுதியில் அம்மாவுக்கு வேலை. ஆகவே நானும் ஏற்றப்பட்டேன். அங்கிளின் காரில் பின்பெட்டியைத் திறந்தபோது அதற்குள் மண்ணெண்ணெய் அடுப்பு, சோற்றுப் பானை, அரிசி, பொரித்த கத்தரிக்காய், கருவாடு, ஒரு கட்டு வாழையிலைக்குப் பதிலாக அலுமினியத் தாள் எல்லாம் இருந்தன. அங்கிள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாங்கள் அங்கை குடியேறப் போறமோ?”

“பசியோட நிண்டு சாட்சி சொல்ல ஏலாது” என்றார் அப்பா. கோர்ட்டில் பார்த்திருப்பார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டு, வழியில் ஒரு விடுதியில் தங்கி, சனிக்கிழமை காலை ஏரிக்குப் போனோம். பாலைவனம் என்றதும் மணல் மேடுகளையும் ஒட்டகத்தையும் எதிர்பார்த்திருந்தேன். மண் செங்கல் தூள் நிறத்தில் இருந்தது. அதன் மேல் சாம்பல் பூத்த புதர்கள். அவற்றுக்கு நடுவில், யாரோ தவறான இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது போல, கண்ணுக்கு எட்டும் வரை தண்ணீர். தண்ணீருக்குள் செத்த மரங்கள் நின்றன. ஒவ்வொரு மரத்திலும் நீர்க்காகங்கள். கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்தன. கறுப்பு அன்னங்கள் குஞ்சுகளோடு திரிந்தன. கடல் இருநூறு மைல்களுக்கு அப்பால். இவற்றுக்கெல்லாம் தண்ணீர் வந்த செய்தியை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அது ஒருவருக்கும் தெரியாது என்றார் அங்கிள். எனக்குத் தெரிந்த பெரியவர்களில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அப்பா கார் நிழலில் அடுப்பை வைத்தார். அங்கிள் என்னிடம் குறிப்புப் புத்தகத்தைத் தந்தார். அவர் பெயரும் தொகையும் சொல்ல, நான் எழுத வேண்டும். முதல் அரைமணியிலேயே எனக்கு உற்சாகம் தலைக்கேறி, தூரத்தில் பறந்த ஏதோ ஒன்றைக் கழுகு என்று எழுதிவிட்டேன்.

“கண்டனியோ?”

“கண்ட மாதிரி இருந்தது அங்கிள்.”

“கண்டால் எழுது. கண்ட மாதிரி இருந்தால் எழுதாதை. வெட்டு.”

வெட்டினேன். அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் வெட்டு.

மத்தியானம் நெருங்கும்போது கரையோரம் குச்சிக் குச்சியாகப் பின்னிக்கிடந்த ஒரு புதரைப் பார்த்தபடி நாங்கள் இருவரும் சேற்றில் குப்புறப் படுத்திருந்தோம். பறவை பார்க்கும் தொலைநோக்கி அங்கிளிடம் இருந்தது. திடீரென்று அவர் மூச்சு நின்றுவிட்டது. தொலைநோக்கியை என் கண்ணில் வைத்து, என் தலையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். முதலில் புதர். பிறகு சேறு. பிறகு சேற்றின் ஒரு துண்டுக்குக் கண் இருந்தது. கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம். தோளில் ஒரு வெள்ளைக் கோடு. அதன் காலடியில் பஞ்சு உருண்டை போல இரண்டு குஞ்சுகள்.

“அது ஆண்” என்று காதுக்குள் சொன்னார். “பெண்தான் வடிவும் பெரிசும். முட்டை இட்டுப்போட்டு அவ தன்ர வேலைக்குப் போயிடுவா. அடைகாத்துக் குஞ்சு வளர்க்கிறது இவர்தான்.”

நான் யோசித்தேன். “அப்பா மாதிரி.”

“ஓம். உன்ர கொப்பர் மாதிரித்தான். இவருக்குச் சமைக்கத்தான் தெரியாது.”

சிரிப்பை அடக்க இருவரும் சேற்றைப் பார்த்தோம். பிறகு அவர் முகம் மாறியது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் சாட்சியாகக் கையெழுத்திட முடியாது என்று படிவத்தில் இருந்தது. “மெல்லப் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. தவண்டு போ. கூப்பிடாதை.”

நான் பத்து அடி தவழ்ந்திருப்பேன். அப்போதுதான் சோறு வெந்து முடிந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சமைத்தவர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அது தெரு முனை வரை கேட்க வேண்டும். சாப்பிட வருகிறவர் ஆறவிடாமல் வர வேண்டும். அப்பா அகப்பையால் பானை மூடியில் நான்கு தட்டுத் தட்டினார். அந்த வெட்டவெளியில் அது கோயில் மணி போலக் கேட்டது. பிறகு, கோர்ட்டில் வழக்கு இலக்கம் கூப்பிடப் பழகிய குரல்: “மச்சான், சோறு ஆறுது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.”

ஏரியில் பாதிப் பறவைகள் எழுந்தன. நான் திரும்பிப் பார்த்தபோது புதரடியில் சேறு மட்டும் இருந்தது. அங்கிள் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் அகப்பையைக் கீழே வைத்தார். அங்கிள் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டு, கருவாடு நல்லாயிருக்கு என்றார். அதன் பிறகு அப்பா வேலைக்குப் போகும் தோல் சப்பாத்தோடு அந்தச் சேற்றில் போய்ப் படுத்தார். பொழுது சாயும் வரை படுத்திருந்தார். ஈக்கள் முகத்தில் ஊர்ந்தும் கையை எடுக்கவில்லை. பறவை வரவில்லை. அங்கிள் காலையில் கமராவில் எடுத்த படங்களைப் பின்னர் கழுவிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் புதர் நன்றாக விழுந்திருந்தது.

அன்றிரவு விடுதி அறையில் அங்கிள் படிவத்தை நிரப்பினார். இடம், நேரம், வெளிச்சம், தூரம், எல்லாம் அச்சு போன்ற எழுத்தில். கடைசியில் உடன் இருந்தவரின் கூற்றுக்கும் கையெழுத்துக்கும் ஒரு பெட்டி இருந்தது. அந்த இடத்தில் பேனையை மூடி வைத்துவிட்டார்.

“அப்பா, நீங்கள் கையெழுத்து வைச்சால் சரிதானே?” என்றேன்.

“நான் காணேல்லை.”

“நான் கண்டனான். அங்கிள் கண்டவர். அது அங்கை இருந்தது. பொய் இல்லையே.”

“விடு பிள்ளை” என்றார் அங்கிள். “அவனைக் கரைச்சல்படுத்தாதை.”

அப்பா படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் மூன்று தடவை வாசித்தார். பேனையைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துக்கு எடுக்கும் நேரத்தைவிட நெடுநேரம் எழுதினார். பிறகு கையெழுத்தும் வைத்தார். அங்கிள் வாங்கி வாசித்துவிட்டு, மடித்து உறைக்குள் வைத்தார். தேத்தண்ணி குடிப்பமோ என்று கேட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, சாப்பாட்டு மேசையில் நான்தான் கேட்டேன். குழு என்ன சொன்னது?

“ஏற்கேல்லை” என்றார் அங்கிள், கத்தரிக்காய்க் கறியைப் பார்த்துக்கொண்டு.

அவர் போன பிறகு அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். “என்ன எழுதினீங்கள்?”

“கண்டதை எழுதினன்.”

“நீங்கள் ஒண்டும் காணேல்லையே.”

“ஓம்” என்றார் அப்பா, பானையைத் தேய்த்தபடி.

ஒரு கிழமை அவருடன் பேசவில்லை. அகப்பையால் ஒரு தடவை, பேனையால் ஒரு தடவை, அப்பா அந்தப் பறவையை இரண்டு தடவை கலைத்தார் என்று முடிவு கட்டினேன். ஒரு வரியில் வேலை முடியும் இடத்தில் நேர்மையைக் காட்டப் போய்ச் சிநேகிதனைக் கைவிட்டார் என்றும் நினைத்தேன். பிறகு நானே சாட்சிகளை ஆராயும் மேசையில் போய் உட்கார்ந்தபோது, அவர் செய்தது சரி, செல்லாத சாட்சி செல்லாததுதான் என்று கருத்தை மாற்றிக்கொண்டேன். இந்த இரண்டு தீர்ப்பையும் அவருக்குச் சொன்னதில்லை. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன.

அங்கிள் இந்த வருட ஆரம்பத்தில் போனார். அன்று விசாவுக்குக் காத்திருந்த கைக்குழந்தை இன்று வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதியர்களுக்குத் தலைவி. போன மாதம் அவள் சிட்னியிலிருந்து வந்தபோது, உள்ளே உங்கள் அப்பாவின் எழுத்து மாதிரி இருக்கிறது அக்கா, நீங்கள் வைத்திருங்கோ என்று ஓர் உறையைத் தந்தாள். முன்பக்கம் சங்கத்தின் விலாசம், அச்சு போன்ற எழுத்தில். மூலையில் முத்திரை ஒட்டியிருந்தது. முத்திரையின் மேல் தபால் கந்தோரின் குத்து விழவில்லை. உறை ஒருபோதும் தபாலில் போகவில்லை. குழு அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஏற்கேல்லை என்று அங்கிள் எங்களிடம் சொன்னது, எனக்குத் தெரிந்து அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய்.

உள்ளே படிவம் இருந்தது. மடிப்புகள் நைந்து பிரியும் நிலையில் இருந்தன. கோர்ட் ஆங்கிலத்தில், சாய்ந்த எழுத்தில் அப்பா எழுதியிருந்தது இதுதான்: நான் அங்கே இருந்தேன். பறவையைக் காணவில்லை, சமைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கலைத்த சத்தம் என்னுடையது. இந்த மனிதரை எனக்கு இருபத்தெட்டு வருடங்களாகத் தெரியும். காணாத ஒன்றைக் கண்டதாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் அது அங்கே இருந்தது என்று சொன்னால், அது அங்கே இருந்தது.

நடைமுறைப்படி இது செல்லாது. என் மேசைக்கு வந்திருந்தால் அரை நிமிடத்தில், மிகுந்த மரியாதையோடு, திருப்பி அனுப்பியிருப்பேன். அது அங்கிளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதைத் தீர்ப்புக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு அவர் அந்தப் பழைய கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வாசித்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவும் இல்லை. பதினொரு வயதில், படிவத்தில் எழுதுவதெல்லாம் உறையின் மேல் விலாசத்தில் இருப்பவருக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.