காய்ச்சிய ஒயின்

எருசலேமில் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாள், சமையலறையில் பாத்திரம் கழுவ இரண்டு தொட்டிகள் இருந்தன. பாலுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று என்று வீட்டுக்காரம்மா ரிவ்கா விளக்கினார். தலையாட்டிக்கொண்டே, எனக்கான மூன்றாவது தொட்டி எங்கே என்று கண்ணால் தேடினேன். சங்ககிரிப் பக்கம் ஊருக்கு வெளியே ஒதுக்கிய தெருவில் வளர்ந்தவளுக்கு அந்தத் தேடல் தானாக வரும். மூன்றாவது தொட்டி இல்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது.

ரிவ்காவின் கணவர் அவ்ராம் ஓய்வுபெற்ற வக்கீல். நடுக்கவாதம். அவரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஷப்பாத் என்கிற யூத ஓய்வுநாள் விருந்து மேசையில் அவர் கை நடுங்கி ஒயின் பாட்டில் சாய்ந்தது. பாய்ந்து பிடித்து, கிண்ணத்தில் நானே ஊற்றினேன். ரிவ்கா கிண்ணத்தையும் பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வேறு பாட்டிலைத் திறந்தார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது நினைவுக்கு வந்தது. கடலைக்காய் பறிக்கப் போன தோட்டத்தில், நாய் வாய் வைக்கப்போன தயிர்ச்சட்டியை அம்மா தூக்கி மேலே வைத்தாள். தோட்டத்துக்காரம்மா திட்டவில்லை. “நீ ஏம்புள்ள தொட்ட? ஒரு சத்தம் குடுத்திருந்தா நானே எடுத்திருப்பேனே” என்று சொல்லிக்கொண்டே மொத்தத் தயிரையும் எருமைத் தொட்டியில் கொட்டினார். அந்தச் சாந்தமான குரலை என்னால் மறக்க முடிந்ததில்லை.

மறுநாள் அவ்ராமிடம் நேராகவே கேட்டேன், என் சாதியை, என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் சொல்லிவிட்டானா என்று. அவருக்குப் புரியவில்லை. நர்சிங் படித்தவள் என்று மட்டும்தான் சொன்னார்கள், உனக்கு ஏதாவது வியாதி இருக்கிறதா என்றார். இல்லை என்றேன்.

நான் கேட்பது கொட்டிய ஒயினைப் பற்றி என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கியது. யூதர் அல்லாத வெளியார் கை பட்ட ஒயினைக் குடிக்கக் கூடாது என்று மோசேயின் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை என்றார். அந்தக் காலத்தில் மற்றவர்கள் சிலைகளுக்கு ஒயின் வார்த்தார்களாம். அந்த ஒயின் வேண்டாம் என்று ஆரம்பித்ததாம். பிறகு வந்த அறிஞர்கள் அதை வெளியார் ஒயின் எல்லாவற்றுக்கும் நீட்டினார்கள். வாய்மொழியாக வந்த வாதங்களைத் தோற்றவர் கருத்தோடு சேர்த்தே எழுதிவைத்தார்கள். பிந்தைய நூற்றாண்டுகளில் வந்தவர்கள் அவற்றைச் சட்டமாகத் தொகுத்தார்கள். இப்படி வளர்ந்த யூதச் சட்டத்தைத்தான் ஹலாக்கா என்கிறார்கள்.

“வெளியார் எல்லாருக்கும் ஏன் நீட்டினார்கள்?”

“சேர்ந்து குடித்தால் கல்யாணத்தில் முடியும் என்ற பயம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் எல்லாக் கட்டுப்பாட்டுக்கும் அடியில் கிடப்பது அதே பயம்தான். அப்படியானால் அந்த விதியை எடுத்துவிடுங்களேன் என்றேன். விதித்த சபையைவிட அறிவிலும் எண்ணிக்கையிலும் பெரிய சபைதான் அதை நீக்க முடியும் என்றார். அந்தச் சபை எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

“இல்லை” என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரிவ்கா புது பாட்டிலை என் கையில் கொடுத்து ஊற்றச் சொன்னார். மெவுஷால், அதாவது காய்ச்சிய ஒயின். காய்ச்சியதற்கு அந்தத் தடை இல்லை, யார் கை பட்டாலும் குடிக்கலாம் என்று முன்னோர்களே சொல்லியிருக்கிறார்களாம். கணவனும் மனைவியும் தேடிப்பிடித்த வழி. ஊற்றிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன், தொட்டியில் கொட்டிக் கழுவும் குழாய்ச் சத்தம் கேட்கிறதா என்று. கேட்கவில்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் என் கை படுவதற்கு முன்னால் காய்ச்சியாக வேண்டியிருக்கிறது என்ற நினைப்பு காலையில் திரும்ப வந்தது.

போன மாதம் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அண்ணன் ஓட்டும் லாரியின் முதலாளி என்னைப் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டார். நாற்காலி போட்டார். அண்ணனை ‘வாடா’ என்பவர் என்னை ‘வாங்க’ என்றார். காபி வந்தது, பேப்பர் கப்பில். “இப்பெல்லாம் ஊட்ல எல்லாத்துக்கும் இதுதானுங்க, கழுவற வேலை இல்லீங்க” என்றார், நான் கேட்காமலேயே. அவர் எதில் குடிக்கிறார் என்று பார்க்கக் காத்திருந்தேன். அவர் குடிக்கவே இல்லை.

“அப்பறம், எப்பங்க ஊருக்குப் போறீங்க?” என்றார்.

சொந்த ஊரில் உட்கார்ந்திருந்த எனக்கு, எந்த ஊரைக் கேட்கிறார் என்று சட்டென்று பிடிபடவில்லை.