லீக்ஸ் பாத்திக்குள் ஒரு போல்ட்

பெரியப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு பழைய துவக்கு. போருக்குப் போன துவக்கு அல்ல, போவதற்கு முன் படையாட்களைப் பழக்குவதற்காக எண்பது வருடங்களுக்கு முன்பே செய்தது. உண்மையான படைத்துவக்கின் அதே நீளம், அதே எடை. சுடுவது மட்டும் கடலைப் பருப்பளவு குண்டை.

"ஊரிலை துவக்குக்குப் பயந்து ஷோனெஃபெல்ட் எயார்போட்டிலை வந்து இறங்கின மனுசன், இஞ்சை துவக்குக் கிளப்பிலை போய்ச் சேர்ந்தார்" என்று அம்மா சிரிப்பார். இங்குள்ள ஜெர்மன் சனத்தோடு பழகத்தான் பெரியப்பா சூட்டுக் கழகத்தில் சேர்ந்தார். புற்றுநோயில் அவர் போன பிறகு உயிலைப் பார்த்தால், அந்தத் துவக்கு என் பெயருக்கு. ஒன்பது வயதில் அவருடைய சைக்கிள் டைனமோவைக் கழற்றி, ஒரு திருகாணி மிச்சம் வைத்துத் திரும்பப் பூட்டியவள் நான்.

"சீதனம் வந்திட்டுது. பொம்பிளை பாக்க வாறவை இனி வாசலோடை திரும்பிடுவினம்."

"நல்லதுதானே அம்மா."

நான் இயந்திரவியல் மூன்றாம் வருடம். எனக்குச் சுடும் ஆசை ஒரு துளியும் இல்லை. குறைப்பட்டுக் கிடப்பதை முழுதாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மாவட்ட அலுவலகத்தின் ஆயுதப் பிரிவு, வாரிசு என்ற முறையில் துவக்கை வைத்திருக்க எனக்கு ஓர் அனுமதி அட்டை தந்தது. பெரியப்பாவின் இரும்புப் பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மரப்பிடியில் யாரோ கதிரைக்கு அடிப்பதுபோல் வார்னிஷ் அடித்திருந்தார்கள். அதைச் சுரண்டி எடுத்தால் கீழே வால்நட் மரம். பள்ளம் விழுந்த இடங்களில் ஈரத் துணியைப் போட்டுச் சூடாக அயன் பிடித்தால் மரம் எழும்பி வரும். அம்மா கதவடியில் நின்று கத்தினார்: "அது என்ரை சீலைக்கு வைக்கிற அயனடி!"

நான்கு பொருட்கள் இல்லை. பிடியின் அடித்தகடு, முன்குறியின் மூடி, குழாயைப் பிடிக்கும் வளையத்தின் வில், பிறகு போல்ட். போல்ட் என்பது குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு. முதல் மூன்றையும் பழைய பொருள் விற்பவர்களிடம் தேடிப் பிடித்தேன். போல்ட்டுக்கு மட்டும் அனுமதி வேண்டும் என்றார்கள்.

அலுவலகத்துக்கு நானே எழுதினேன். என்னென்ன இல்லை, என்னென்ன கிடைத்தது என்று அட்டவணை போட்டு, படங்களும் இணைத்து, போல்ட் வாங்க அனுமதி தாருங்கள் என்று முடித்தேன். என் ஜெர்மனைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. புட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு சிரித்துச் சிரித்து வாசித்தேன். பதிவேட்டின்படி போல்ட் துவக்கோடுதான் இருக்க வேண்டுமாம். அது எங்கே என்று இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் விளக்க வேண்டுமாம்.

அப்பாவின் கை புட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அது தோட்டத்திலை கிடக்கு."

"எந்தத் தோட்டத்திலை?"

"எங்கடை தோட்டத்திலைதான். லீக்ஸ் பாத்திக்குள்ளை. கிறீஸ் பூசி, பொலித்தீனிலை சுத்தி மண்ணுக்குள்ளை தாட்டனான்."

அம்மா கோப்பையை வைத்துவிட்டு, "ஆமி வரேக்கை ஊரிலை சாமானுகளைத் தாட்ட மாதிரியோ?" என்றார்.

"ஓம். வேறை மாதிரித் தாட்டு வைக்க எனக்குத் தெரியாது."

பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார். "வருத்தம் கடுமையா இருக்கேக்கை அண்ணை ஒருநாள் துவக்கை மேசையிலை வைச்சுத் துடைச்சுக்கொண்டு இருந்தவர். 'தம்பி, கடைசி மட்டும் இழுபட எனக்கு ஏலாது' எண்டார். சொல்லிப்போட்டுக் குளிசை எடுக்க உள்ளுக்குப் போனார். போல்ட்டைக் கழட்டி வைச்சிருந்தவர். நான் எடுத்து ஜாக்கெட்டுக்குள்ளை வைச்சிட்டன்."

"பெரியப்பா கேக்கேல்லையோ?"

"பிறகும் நாலு மாசம் இருந்தவர். ஒருநாளும் கேக்கேல்லை."

அன்று மாலை முழுவதும் சட்டத்தை வாசித்தேன். அனுமதியில்லாத ஒருவர் போல்ட்டை வைத்திருப்பது குற்றம். ஒருவர்மேல் குற்ற விசாரணை நடந்தால், முடியும்வரை அவருடைய குடியுரிமை விண்ணப்பம் அப்படியே நிறுத்தப்படும். முப்பது வருடமும் "ஊருக்குத் திரும்பிப் போவம்" என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, பெரியப்பா படுக்கையில் விழுந்த வருடம்தான் அப்பா விண்ணப்பம் போட்டார். மொழிப் பரீட்சைக்கு இரண்டு முறை போய் எழுதினார். குடியுரிமைப் பத்திரம் வாங்க அலுவலகம் குறித்துத் தந்த நாள், டெர்மின், ஐந்து வாரத்தில். ஆயுதப் பிரிவுக்குப் பதில் எழுத எனக்கு இருந்ததோ இரண்டு வாரம்.

உண்மையை எழுதினால் அப்பாவின் விண்ணப்பம் நிற்கும். "நிலவறையில் கிடந்தது" என்று எழுதினால் பொய். எழுதாமல் விட்டால் பொலிஸ். கணினியில் இரண்டு கடிதமும் தயாராக இருந்தன. ஒன்றைத் திறப்பேன், மூடுவேன், மற்றதைத் திறப்பேன். கடைசியில் மூன்றாவது ஒன்று எழுதினேன்: "பெரியப்பாவின் பொருட்களுக்குள் தேடிக்கொண்டிருக்கிறேன், ஆறு வார அவகாசம் தாருங்கள்." தந்தார்கள். அப்பாவிடம், "நேரம் தந்திருக்கினம்" என்று மட்டும் சொன்னேன். கடிதத்தைக் காட்டவில்லை.

அந்த ஐந்து வாரமும் துவக்கைத் தொட மனம் வரவில்லை. சனிக்கிழமைகளில் அப்பாவோடு தோட்டத்துக்குப் போவேன். மற்றப் பாத்திகளில் களை பிடுங்குவோம். அந்த ஒரு பாத்தியில் மட்டும் லீக்ஸ் பெரிய வெங்காயத்தாள்போல் முற்றித் தடித்து நின்றது. பக்கத்துத் தோட்டக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதை எப்போது பிடுங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். அப்பா, "வருகிற மாதம்" என்றார்.

டெர்மின் அன்று அப்பா சாம்பல் நிறக் கோட் போட்டிருந்தார். மாவட்ட அலுவலகத்தின் தரைத்தள மண்டபம். எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். அப்பா தாளைப் பார்க்காமலே சொன்னார்: அரசியலமைப்பையும் சட்டங்களையும் மதித்து நடப்பேன் என்று. ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக வந்தது. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கைபேசித் திரையில்தான் கவனித்தேன். கோட்டின் வலப்பக்கப் பை பாரத்தில் கீழே இழுபட்டுத் தொங்கியது.

கை குலுக்கி, பத்திரத்தை வாங்கி, வெளியே வந்ததும் கேட்டார்: "அந்தத் துவக்கு ஒபிஸ் எத்தினையாம் மாடி?"

"அப்பா, வேண்டாம். வீட்டை போவம்."

"எத்தினையாம் மாடி பிள்ளை?"

"மூண்டு. அப்பா, இதைக் கொண்டு திரியிறதே பிழை. அதோடை, இந்தப் பத்திரத்தையும் திருப்பி எடுக்கலாம், நான் வாசிச்சனான்."

"நீயும் இந்த விசயத்தை மனசிலை வைச்சுக்கொண்டு முழிசிறாய். இப்பதான் சத்தியம் பண்ணினனான். வா."

லிஃப்டுக்குள் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். கதவு மூடி, பெட்டி அசையாமல் நின்றது. அப்பா காத்திருந்தார். நான் மூன்றை அமத்தினேன்.

அங்கே இருந்த பெண் அலுவலர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "டெர்மின் இருக்கிறதா?"

இல்லை என்றேன். "இணையத்தில் பதிந்துவிட்டு வாருங்கள்" என்றார். நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அப்பா பொலித்தீன் பொட்டலத்தை மேசையில் வைத்தார். மடிப்புகளில் தோட்டத்து மண் ஒட்டியிருந்தது. அடையாளம் கேட்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, புதுப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்தார். "இதை எடுத்தது நான். என் அண்ணனுக்காக" என்று ஜெர்மனில் சொன்னார்.

அலுவலர் கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். பிறகு கோப்பைத் திறந்து என் கடிதத்தை எடுத்தார். இம்முறை என்னைப் பார்த்து: "தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதிருந்து தெரியும்?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"எழுதும்போதே தெரியும்," என்றேன். "இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது."

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் இருந்தார். இரண்டு தரிப்பிடம் கழித்து, "என்னட்டைச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நீங்கள் பெரியப்பாட்டைச் சொன்னனீங்களோ?"

அப்பா இறங்குவதற்கு மணியை அமத்தினார்.

ஏழு வாரமாகிறது. என் அட்டையைப் பறிப்பதா என்று பரிசீலிக்கிறார்களாம். அதுவரை துவக்கு அவர்களிடம், அடித்தகடு, மூடி, வில் எல்லாம் பூட்டியபடி. போல்ட்டும் அங்கேதான், வேறு உறையில். என்னைப் பற்றிய கடிதம் வந்துவிட்டது. அப்பாவைப் பற்றியது, வழக்கா, பத்திரம் நிலைக்குமா என்பது, இன்னும் வரவில்லை. அவர் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பிக்கவில்லை, "அது வரட்டும்" என்கிறார். பதினொரு மணிக்குத் தபால்காரியின் மஞ்சள் சைக்கிள் தெருவில் திரும்பும். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்குவார். நான் ஜன்னலில் நிற்பேன்.

"இருக்கோ?" என்று அம்மா குசினியிலிருந்து கேட்பார்.

"இல்லை."

"அப்ப சாப்பிட வாங்கோ. லீக்ஸ் வறை ஆறுது."